நிறுத்தி வைத்திருப்பவர்

‘விஷ்ணுபுரத்தை விட்டுட்டீங்களா?’ என்று மட்டும் அதைப் பாதியில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுவிடக் கூடாது. “விடலை அண்ணாச்சி, நிறுத்தி வச்சிருக்கேன்” என்பார்கள். ஜெயமோகனின் அந்த நாவல் வந்தது 1997இல். எங்கள் ஆனைக்குட்டத்துக்காரர் அதை எப்போதிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார் என்பதைப் புத்தகத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஆள் சிவகாசியில் காலண்டர் பைண்டிங்கில் இருக்கிறார். தை பிறந்து வேலை ஓய்ந்ததும் புத்தகத்தை எடுப்பார். அடையாளத்துக்கு வைப்பது அன்றைக்குக் கிழித்த தேதித்தாள். புரட்டினால் 2009 பிப்ரவரி, 2013 மார்ச், போன வருஷம் மாசி மகம் என்று வரிசையாக உதிரும். எல்லாமே எட்டாவது பாரத்துக்குள். பதினாறு பக்கம் ஒரு பாரம். இவர் கணக்கு அதுதான்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது இவர் ஜாதகத்திலேயே இல்லை. பிங்கலன் யார், சங்கர்ஷணன் யார் என்பது மறந்திருக்கும். ஷட்டர் ஒழுகும் எங்கள் ஆனைக்குட்டம் அணையில் அர்ச்சுனா நதித் தண்ணீர் எவ்வளவு நிற்குமோ, அவ்வளவுதான் இவர் மனசில் பெயர்களும் நிற்கும். ஆகவே ஒவ்வொரு தையிலும் முதல் பக்கம். நாவலின் முதல் பகுதியான ‘ஸ்ரீபாத’த்தின் முன்பாதி விரல் பட்டுக் கறுத்துவிட்டது. அடுத்த இரண்டு பகுதிகளான ‘கௌஸ்துப’மும் ‘மணிமுடி’யும் அச்சகத்து வெள்ளையோடு அப்படியே இருக்கின்றன.

இதில் ஊருக்கு உபதேசம் வேறு. “நூறு பக்கம் பல்லைக் கடிச்சிட்டுத் தாண்டிருங்க, அப்புறம் அதுவே இழுத்துட்டுப் போயிரும்.” நூறைத் தாண்டியவர்தான், மறுக்கவில்லை. எதுவும் இழுத்துக்கொண்டு போனதாகத் தெரியவில்லை.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னாலேயே ஐந்து பாகமும் ஓடிப் பழகிய கூட்டம் நாம். விஷ்ணுபுரமோ கோயில் நகரத்தின் கதை. உள்ளே படுத்திருக்கும் பெருமாள் யுகத்துக்கு ஒருமுறைதான் புரண்டு படுப்பாராம். அந்த ஊரில் எட்டு பாரத்துக்குள் என்ன பெரிதாக நடந்துவிடும்? இன்னொன்று, ‘கௌஸ்துபம்’ நடப்பது ‘ஸ்ரீபாத’த்துக்கு முந்திய காலத்தில். முதலிலிருந்துதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கும் மனுஷர், கதையின் முதலைத் தொட்டதே கிடையாது.

சிரித்தது போதும். அது என் புத்தகம். ‘கௌஸ்துப’த்தில் அஜிதன் வாதுக்கு வந்த இடத்தில் நான் இருந்தபோது, “பத்து நாள்ல தந்துர்றேன் அண்ணாச்சி” என்று வாங்கிப் போனார். திருப்பிக் கேட்டால், “இப்பத்தானே திரும்ப ஆரம்பிச்சிருக்கேன், நடுவுல பிடுங்கலாமா?” என்று என்னைப் பாவியாக்குகிறார். ஞானசபையில் அந்த வாது என்ன ஆயிற்று என்று தெரியாமல் நான் அலைகிறேன்.

இப்போது அவருக்கு ஜெயமோகனின் வெண்முரசு வேண்டுமாம். 26 நாவல். முதலாவதான ‘முதற்கனல்’ ஒன்றை மட்டும் சந்தோஷமாகக் கொடுத்தேன். மிச்சம் இருபத்தைந்தையும் இனி யாரும் கேட்க மாட்டார்கள்.