ஓட்டமும் பின்னலும்

கேள்வி: நெடுந்தூரம் ஓடிக்கொண்டே, ஊசியின்றி வெறும் விரல்களாலேயே கம்பளி பின்ன இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் கான்சாஸ் நகர மாரத்தானில், டேவிட் பாப்காக் என்னும் பேராசிரியர், 42.195 கிலோமீட்டரை ஓடிக் கடக்கும் அவகாசத்துக்குள்ளாகவே, ஏறத்தாழ 3.70 மீட்டர் நீளமுள்ள கழுத்துத்துண்டு ஒன்றைப் பின்னி முடித்துக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றார். அவரோடு புறப்பட்ட நூலுருண்டை, துண்டாக ஜன்மமெடுத்தே எல்லைக்கோட்டைத் தாண்டியது!

ஊசியின்றி விரல்களால் பின்னும் சூத்திரமும் எளிது. இடக்கையின் நான்கு விரல்களிலும் நூலை முன்னும் பின்னுமாக மாறிமாறி வளைத்து, அதன்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, கீழே கிடக்கும் கண்ணியை மேல்நூலுக்கு மேலாகத் தூக்கி விரல்நுனியைத் தாண்டிப் புறங்கைப் பக்கம் விட்டுவிடுவதுதான் கிரமம். கண்ணி விரலிலேயே இருப்பதால் ஸ்பரிசமே கணக்குச் சொல்லிவிடும். கண்களைப் பாதைக்கே அர்ப்பணம் செய்துவிடலாம். இடறி விழ நேர்ந்தாலும் குத்துவதற்கு ஊசி இல்லை என்பது, என் அபிப்பிராயத்தில், இம்முறையின் பரம சௌகரியம்.

முதலில் நடந்துகொண்டே பழகுங்கள். தடித்த நூலாகத் தேர்ந்து, உருண்டையை இடுப்புப் பையில் இட்டுக்கொள்ளுங்கள். இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துப்போகும். பின்னிய பகுதியை அவ்வப்போது இடையில் சுற்றிக்கொள்வதும் அவசியம். நீளம் ஏற ஏற, அது பின்னால் வருபவரின் காலைத் தேடிப் போகும்.