டிரைவர்களின் காலக்கணிப்பு: எஃப்6 மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

மதர்போர்டின் சிப்செட்டுக்கு உரிய ஸ்டோரேஜ் டிரைவரைக் கண்டடைவது குறித்து அறிஞரிடையே இரு கட்சிகள் உண்டு. ஃபைலின் பெயரைப் பார்த்து எடுப்போர் பெயர்வாதிகள். தேதியைப் பார்த்து, புதியதே நல்லது என்போர் தேதிவாதிகள். இரு கட்சியும் தவறு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயர்வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு, சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் முறையான ஏஹெச்சிஐ என்றால் என்னவென்றே தெரியாது. நிறுவத் தொடங்கியதும் நீலத் திரையின் அடியில், வெளியார் தந்த ஸ்கஸி அல்லது ரெய்டு டிரைவர் இருந்தால் எஃப்6 அழுத்துமாறு ஒரு வரி தோன்றி, சில விநாடிகளில் மறையும். டீ குடிக்கப் போனவருக்கு அது கிட்டாது. அழுத்தியவருக்கும் உடனே எதுவும் கிட்டாது. மறந்தே போன பிறகு, எஸ் விசையை அழுத்தச் சொல்லி, ஏ டிரைவில் ஃப்ளாப்பி கேட்கும். ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவருக்கு 1.44 எம்பி ஃப்ளாப்பி வேண்டும். ஏஹெச்சிஐ மதர்போர்டு வாங்கியவர் ஃப்ளாப்பி டிரைவைத் தலைமுழுகிச் சில காலம் ஆகியிருக்கும்.

விஸ்டாவோடு இந்தச் சடங்கு ஒழிந்தது. லோட் டிரைவர் என்ற பொத்தானும் பென் டிரைவும் போதும் என்றாயிற்று. பெயர் மட்டும் ஒழியவில்லை. 2020இல் இன்டெல்லின் 11ஆம் தலைமுறை லேப்டாப்கள் வந்தபோது, பயாஸில் விஎம்டி என்ற ஸ்டோரேஜ் வசதி இயங்கினால் விண்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க் பட்டியல் வெறுமையாய் நின்றது. அதற்கு இன்டெல் தந்த மருந்து இருந்த ஃபோல்டரின் பெயர் எஃப்6 என்று தொடங்கி, ஃப்ளாப்பியின் சுருக்கத்தையும் தாங்கி நின்றது. அந்த லேப்டாப்பில் ஃப்ளாப்பி செருக ஓட்டை கிடையாது. எஃப்6 அழுத்தினாலும் பயனில்லை. இனி பெயரை நம்புவோர் நம்புக.

தேதிவாதம் இதைவிடப் பரிதாபம். டிவைஸ் மேனேஜரில் இன்டெல் சிப்செட் டிரைவர்கள் பலவற்றைத் திறந்தால் தேதி 18 ஜூலை 1968 என்றிருக்கும். இன்டெல் நிறுவப்பட்ட நாள் அது. விண்டோஸ் பிறக்கவே பல ஆண்டுகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் ஏஹெச்சிஐ டிரைவரோ விஸ்டா முதல் எந்த விண்டோஸில் பார்த்தாலும் 21 ஜூன் 2006. இது சோம்பேறித்தனம் அன்று. தகுதியில் சமமான இரண்டு டிரைவர்கள் மோதினால் விண்டோஸ் பிந்தைய தேதியுள்ளதையே எடுக்கும். ஆகவே பொதுவான டிரைவர், கம்பெனிக்காரர் தனியே தந்ததற்கு வழிவிட வேண்டி, தானே கிழவேடம் பூணுகிறது. தேதிவாதி அதைப் பார்த்துப் பதறி, எங்கிருந்தோ ஒரு 'அப்டேட்டர்' இறக்கி, இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்.

எஞ்சுவது எண். டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரை வலது கிளிக் செய்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் படிக்கவும். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், தன் பழைய பிராசஸரின் பெயரையே குலப்பெயராகக் கொண்டது. 1022 என்றால் ஏஎம்டி. 10டிஇ என்றால் என்விடியா. அடுத்து வரும் டிவைஸ் எண்ணில்தான் சூட்சுமம். ஐசிஹெச்9ஆர் என்ற ஒரே சிப், பயாஸில் ஐடிஇ என்று வைத்தால் 2920, ஏஹெச்சிஐ என்றால் 2922, ரெய்டு என்றால் 2822. உடல் ஒன்று, அவதாரம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனி வரவேற்பு. ஐடிஇயில் எக்ஸ்பி நிறுவிவிட்டு, வேகம் கூடுமென்று பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றியவர்கள் ஸ்டாப் 7பி என்ற நீலத் திரையைத் தரிசித்தது இதனாலேயே.

எண் தெரிந்தபின் டிரைவர் ஃபோல்டரிலுள்ள ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடினால் வழக்கு முடிந்தது. இதற்கு எதிராக ஒரு கட்சி உண்டு. லோட் டிரைவர் பெட்டியின் அடியில், பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பட்டியல் நிரம்பிவிடும் என்பது அவர்கள் வாதம். நிரம்பும். அதில் ஒன்றைத் தேர்ந்து நெக்ஸ்ட் அழுத்தினால் பச்சைப் பட்டை ஓடும். டிஸ்க் மட்டும் வராது.