லிட்டருக்கு எத்தனை பாயிண்ட்?

கேள்வி: அண்ணே, ஆப்பில் டாக்ஸி ஓட்டுகிறேன். ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம் என்று ஒரு கிரெடிட் கார்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். வாங்கலாமா?
- டிரைவர், பெரம்பூர்

பதில்: மீனம்பாக்கத்துக்கு உங்கள் அளவுக்குப் போய்வருகிறவர் பைலட்டாகக்கூட இருக்க மாட்டார் தம்பி. ஆனால் லவுஞ்ச் உள்ளே இருக்கிறது, உங்கள் எல்லை டிராப் பாயிண்ட்டோடு முடிகிறது. போர்டிங் பாஸ் இல்லாதவருக்கு அங்கே காபி கிடையாது. சினிமா டிக்கெட், ஓட்டல் தள்ளுபடி எல்லாம் இதே ஜாதிதான். உங்கள் காசு டீசல், பாஸ்டேக், இன்சூரன்ஸ், டயர் என்று போகிறது. அதில் எதற்கு என்ன கழிவு என்று மட்டும் கேளுங்கள். ‘எல்லாச் செலவுக்கும் கேஷ்பேக்’ என்று சொல்லும் கார்டுகளில் பல, பெட்ரோல் பங்க்கை அந்த ‘எல்லா’வில் சேர்ப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் பெட்ரோல் கம்பெனி பெயர் போட்ட கார்டு வாங்கினால் லாபம்தானே?
- இன்னொரு டிரைவர், தாம்பரம்

பதில்: பத்து நாளைக்கு லாபம். கணக்குப் பார்ப்போம்.

2,000 ரூபாய்க்கு டீசல் போட்டு கார்டைத் தேய்த்தால் 1 சதவீதம் சர்சார்ஜ், அதாவது 20 ரூபாய். அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி, 3 ரூபாய் 60 காசு. ‘சர்சார்ஜ் தள்ளுபடி’ என்று விளம்பரத்தில் வருவது அந்த 20 ரூபாய் மட்டும்தான். 3.60 போனது போனதுதான். இருநூறு, முன்னூறுக்குப் போடுகிறவருக்குப் பல கார்டுகளில் அந்தத் தள்ளுபடியும் கிடையாது.

இப்போது பாயிண்ட். பாரத் பெட்ரோலியமும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து விடும் சாதாரண கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த கம்பெனி பங்க்கில் 100 ரூபாய்க்கு 13 பாயிண்ட். நாலு பாயிண்ட் ஒரு ரூபாய். சர்சார்ஜ் தள்ளுபடியையும் கூட்டி 4.25 சதவீதம் என்று விளம்பரம் செய்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் ஒரு பில் சுற்றுக்கு 1,300 பாயிண்ட்தான் உச்சவரம்பு. பத்தாயிரம் ரூபாய் டீசலோடு அது தீர்ந்துவிடும், கையில் 325 ரூபாய். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் டீசல் குடிக்கும் வண்டிக்குப் பதினோராம் நாள் முதல் அது வெறும் பிளாஸ்டிக். சர்சார்ஜ் தள்ளுபடிக்கும் சுற்றுக்கு 100 ரூபாய்தான் வரம்பு என்பதால், அப்புறம் தேய்க்கத் தேய்க்க நஷ்டம்.

இந்தக் கார்டுகளை அளவெடுத்துத் தைத்தது ஆபீசுக்கு காரில் போய்வரும் மனிதருக்கு. உங்கள் உடம்புக்கு அது பத்தாது. ஆகவே முதல் பத்தாயிரத்தைக் கார்டில் போடுங்கள், மிச்சத்தை வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் கட்டுங்கள். அதற்கு சர்சார்ஜ் இல்லை. இந்தியன் ஆயில் பங்க்கில் எக்ஸ்ட்ராரிவார்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. போன் நம்பரைப் பதிந்துவிட்டால் கிரெடிட் கார்டு இல்லாமலே பாயிண்ட் சேரும். பில் போடும் பையன் தானாகக் கேட்க மாட்டான், நாம்தான் நம்பரைச் சொல்ல வேண்டும்.

பொடி எழுத்தில் இன்னொன்று: பல வங்கிகளின் விதிமுறையில் கார்டு சொந்த உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு அல்ல என்று இருக்கும். மாதம் முப்பதாயிரத்துக்கு டீசல் போட்டுவிட்டு சொந்த உபயோகம் என்றால் அவர்கள் நம்ப மாட்டார்கள். பாயிண்ட்டை நிறுத்த உரிமை உண்டு என்பார்கள். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: நான் கேட்ட இடத்திலெல்லாம் ‘சம்பள ஸ்லிப் எங்கே’ என்கிறார்கள்.
- டிரைவர், பூந்தமல்லி

பதில்: வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதை நீட்டுங்கள். ஆப் காட்டும் வாரக் கணக்கைவிட வங்கி அதைத்தான் மதிக்கும். அதுவும் இல்லை என்றால் டெபாசிட் போட்டு வாங்கும் கார்டு இருக்கிறது. எஸ்பிஐ உன்னதி கார்டுக்கு 25,000 ரூபாய் எஃப்.டி. போதும். வட்டி அது பாட்டுக்கு வரும். சிபில் ஸ்கோர் 300இலிருந்து 900 வரை. ஒழுங்காகக் கட்டி 750ஐத் தாண்டினால், அடுத்த வண்டிக்கு சேட்டிடம் கையெழுத்துப் போடாமல் வங்கியிலேயே லோன் கேட்கலாம். என்னைக் கேட்டால் கார்டு வாங்க இதுதான் உருப்படியான காரணம். பாயிண்ட் எல்லாம் ஊறுகாய்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ‘மினிமம் டியூ கட்டினால் போதும்’ என்கிறார். போதுமா?
- டிரைவர் மனைவி, ஆவடி

பதில்: வங்கிக்குப் போதும், அம்மா. 20,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 700, வட்டிக்கு ஜிஎஸ்டி 126. ஆயிரம் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய். போதாததற்கு அந்த மாதம் புதிதாகப் போட்ட டீசலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. ஆப் காசு அக்கவுண்டில் விழும் அன்றைக்கே கார்டில் கட்டச் சொல்லுங்கள். பில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

கேள்வி: கிளட்ச் போய்விட்டது. கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டுக் காசு எடுக்கலாமா?
- டிரைவர், கொளத்தூர்

பதில்: எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். மெக்கானிக்கிடம் கார்டு மெஷின் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: மின்சார வண்டிக்கு மாறிவிட்டேன். பெட்ரோல் கார்டை மூட போன் செய்தால் ‘வேறு ஆஃபர் தருகிறோம்’ என்று இழுக்கிறார்கள்.
- டிரைவர், வேளச்சேரி

பதில்: பாயிண்ட்டைக் கரையுங்கள், பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டுங்கள், பிறகு மெயிலில் எழுதிக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. எட்டாம் நாள் முதல் வண்டியை எடுக்காமலே கலெக்‌ஷன்.