மால்ட் சாரின் டெண்டர்

துவாக்குடி தொழிற்பேட்டையில் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறை முதலாளிகளில் ஒரு ரகம் உண்டு. டிப்ளமோ மெக்கானிக்கல், அரைக்கைச் சட்டை, பையில் பேனாவோடு ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல். அறுபதுகளில் பெல் கொதிகலன் ஆலை வந்ததும் அதைச் சுற்றி முளைத்த பட்டறைகளின் இரண்டாம் தலைமுறை. முப்பது வயதில் சரக்கில் சோடாவை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர். ஐம்பத்தைந்தில் டாக்டர், "வாரத்துக்கு ரெண்டு பெக். அதுக்கு மேல போனா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட, அளவில் போனதைத் தரத்தில் பிடிப்பது என்று முடிவெடுத்து சிங்கிள் மால்ட்டுக்கு மாறியவர். திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி டோல்கேட் வரை தேடினால் இந்த ரகத்தில் ஒரு டஜன் பேராவது தேறுவார்கள். எல்லாரையும் உருக்கி ஒரே ஆளாக வார்த்து, மால்ட் சார் என்று பேர் வைத்துக்கொள்வோம்.

மால்ட் சார் குடிப்பதில்லை. அவரே சொல்வார்: "அடிக்கிறது வேற, இவால்யுவேட் பண்றது வேற."

முப்பது வருஷம் டெண்டர் போட்டே வாழ்ந்த மனிதருக்கு எதையும் இரண்டு கவராகத்தான் பார்க்கத் தெரியும். முதல் கவர் டெக்னிக்கல் பிட். அதில் தேறினால்தான் இரண்டாவதான பிரைஸ் பிட்டைத் திறப்பார். இதற்கென்று ஒரு லாங் சைஸ் நோட்டு. தயாரிப்பாளர், வயது, சதவீதம், மில்லிக்கு விலை, ரிமார்க்ஸ் என்று பென்சிலால் கோடு போட்ட கட்டங்கள். யாராவது புதிதாக வந்து மாட்டிக்கொண்டால் தகுதி நிபந்தனையிலிருந்து ஆரம்பிப்பார். "சிங்கிள்னா ஒரே ஆலை. முளைகட்டின பார்லி மட்டும். செப்புப் பானையில காய்ச்சணும், ஓக் பீப்பாயில மூணு வருஷமாவது போடணும், எல்லாம் ஸ்காட்லாந்துக்குள்ளயே நடக்கணும். 2009-ல சட்டமே போட்டு வச்சிருக்கான்." நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து வந்த ஸ்பிரிட் என்று தெரிந்த நாளை அவர் மறக்கவில்லை. "இத்தனை வருஷம் ரம்மோட தம்பியை விஸ்கின்னு நம்பிக் குடிச்சிருக்கோம் சார்!" துருப்பிடிக்காத எஸ்.எஸ். என்று சொல்லி எம்.எஸ். பைப்பைத் தலையில் கட்டிவிட்டால் ஒரு பட்டறைக்காரர் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போகும் அவர் முகம்.

ஸ்காட்லாந்துக்கு அவர் போனதில்லை. ஆனால் அங்கே உள்ள காய்ச்சுபானைகளின் வரைபடத்தை நியூஸ்பேப்பர் ஓரத்தில் போட்டுக் காட்டுவார். சக ரசிகர்கள் நாக்கால் அறிந்த சங்கதியை இவர் பிளேட் பெண்டிங்கிலிருந்து அறிந்தவர் என்பதால், இந்த இடத்தில் மட்டும் அவரை நாம் கொஞ்சம் மரியாதையோடு கேட்கத்தான் வேண்டும். க்ளென்மொரஞ்சியின் பானைகள் ஸ்காட்லாந்திலேயே உயரமானவை, கழுத்து மட்டுமே 5.14 மீட்டர். கனமான ஆவி அவ்வளவு தூரம் ஏற முடியாமல் பாதியில் குளிர்ந்து திரும்பக் கீழே விழும். லேசானதுதான் மேலே போய்ச் சேரும். அதனால்தான் அது நாக்கில் மெலிசாக இறங்குகிறது, பூ வாசம் அடிக்கிறது. மக்காலனில் பானை குட்டை. எண்ணெய்ப் பசையும் கனமும் கூடவே வந்துவிடுகின்றன. சரி, ஏன் செம்பு? கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. இவ்வளவும் அவருக்குச் சம்மதம். சம்மதமில்லாத ஒன்று உண்டு. தேய்ந்துபோன பானைக்குப் பதில் புதிது செய்யும்போது, சுவை மாறிவிடக் கூடாதென்று பழைய பானையில் இருந்த நசுங்கலைக்கூட அப்படியே தட்டி வைப்பார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். "நம்ம ஜாப்ல இத்துனூண்டு நசுங்கல் இருந்தா இன்ஸ்பெக்டர் சாக்பீஸால வட்டம் போட்டு ரிஜெக்ட் பண்ணிடுறார். அங்க நசுங்கலுக்குத் தனியா காசு!"

பீப்பாய் விஷயத்தில் அவருக்குப் பரம திருப்தி. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்குப் புதுசாகக் கரித்த ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பூர்பன் வைத்த பீப்பாய் அவர்களுக்கு மறுபடி பூர்பனுக்கு ஆகாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை வாங்கி, பன்னிரண்டு, பதினெட்டு வருஷம் வைத்து, வெனிலா வாசம் என்று லேபிளில் எழுதி விற்கிறார்கள். செகண்ட்ஹேண்ட் லேத்தில் தொழில் ஆரம்பித்த மால்ட் சார் இதைச் சொல்லும்போது குரலில் பெருமை தெரியும். நிறத்துக்குக் கேரமல் சேர்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுப்பதைத்தான் அவரால் மன்னிக்க முடிவதில்லை. கலர் தூக்கலாக இருக்கும் பாட்டிலைக் கண்டால் நோட்டில் எழுதுவார்: "இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் பெயின்ட் அடித்திருக்கிறான்."

அடுத்து சதவீதம். 40 சதவீதப் பாட்டில் என்றால் மிச்சம் அறுபது ஏறக்குறைய தண்ணீர்தானே; அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து ஸ்காட்லாந்திலிருந்து கப்பல் கூலி கட்டுவானேன் என்பது அவர் வாதம். 46 சதவீதம் என்றால் அதே மில்லியில் சாராயம் 15 சதவீதம் கூடுதல். 45.8-ல் வரும் டாலிஸ்கர் பத்து வருஷத்துக்கு நோட்டில் டபுள் டிக். 50 சதவீத அம்ருத் ஃப்யூஷனுக்கு மூன்று. "தண்ணியை நானே ஊத்திக்குவேன். காவிரி எதுக்கு ஓடுது?"

ஊற்றுவதற்கு முன் அந்தத் தண்ணீருக்கு டி.டி.எஸ். மீட்டர் வைப்பார். கொதிகலன்காரருக்குத் தண்ணீரில் உப்பு என்றால் தூக்கம் வராது. குழாய்க்குள் ஸ்கேல் கட்டிவிடும். க்ளென்மொரஞ்சிக்காரர்கள் டார்லோகி ஊற்றின் கடினநீரைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஸ்கியின் சுவையை விட அந்த ஆலை பாய்லரின் கதி என்ன என்பதுதான் அவர் கவலை.

வாங்கும் வழிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். பேரம் இல்லை, கொட்டேஷன் இல்லை, மூன்று கடையில் விசாரிக்கும் சுகமும் இல்லை. "சிங்கிள் மால்ட்டுக்கு சிங்கிள் டெண்டர்" என்று அலுத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்த மாற்று வழி திருச்சி விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் வரியில்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். ஆகவே சிங்கப்பூர், கோலாலம்பூர் சொந்தங்களை அவர் உறவுமுறையில் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, லிட்டரில் வைத்திருக்கிறார். அக்கா மகன் ரெண்டு லிட்டர். அவனுக்கு ஸ்ரீரங்கத்தில் பெண் பார்த்தபோது குடும்பமே ஜாதகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, "பொண்ணுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டவர் இவர் ஒருத்தர்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அது நாலு லிட்டர் குடும்பம்.

"மாமா, வர்றப்ப உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று அவன் வழக்கமான மரியாதைக்குக் கேட்பான். அடுத்த நிமிஷம் வாட்ஸப்பில் ஒப்பீட்டுப் பட்டியல் போய்ச் சேரும்.

வீட்டம்மா இதில் எதையும் முகர்ந்ததுகூட இல்லை. ஆனால் டப்பா பற்றி அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. லஃப்ரோயக் வருகிற உருளை டப்பாவின் மூடி இறுக்கம். கருவடாம் போட்டு வைத்தால் மழைக்காலத்திலும் நமுப்பதில்லை. க்ளென்லிவெட்டின் அட்டைப்பெட்டி எதற்கும் உதவாது. "வாங்கறதுதான் வாங்கறீங்க, உருண்டை டப்பாவா பார்த்து வாங்குங்களேன்." நோட்டின் ரிமார்க்ஸ் கட்டத்தில் சில இடங்களில் 'டப்பா நன்று' என்று வேறு கையெழுத்தில் இருப்பது இதனால்தான்.

2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. விஸ்கிக்கு 150 சதவீத இறக்குமதி வரி, ஒப்பந்தம் அமலானதும் 75. பத்தாம் வருஷத்தில் 40. ஊரே கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தபோது மால்ட் சார் கால்குலேட்டரில் தன் வயதைக் கூட்டிக்கொண்டிருந்தார். வரி நாற்பதுக்கு இறங்கும்போது தனக்கு எழுபதை ஒட்டி ஆகிவிடும். "அதுக்குள்ள கல்லீரல் கான்ட்ராக்ட் முடியாம இருக்கணும். டெல்லியில குறைக்கிறதைச் சென்னையில ஏத்தாம இருக்கணும்." ரெண்டாவதில் அவருக்கு நம்பிக்கை கம்மி.

இந்தியச் சரக்கைப் பற்றி ஆரம்பத்தில் அவருக்கு இளக்காரம்தான். பெங்களூர் அம்ருத்காரர்கள் தங்கள் சிங்கிள் மால்ட்டை 2004-ல் நேராக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள் என்பதையோ, ஜிம் மர்ரே என்ற விஸ்கி விமர்சகர் 2010 பதிப்பில் ஃப்யூஷனுக்கு உலகத்தில் மூன்றாவது இடம் கொடுத்தார் என்பதையோ கேட்டு அவர் மசியவில்லை. அவரை மடக்கியது ஆவியாதல் நஷ்டம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் போல ஆவியாகப் போகிறது. பெங்களூரில் 10-க்கு மேல். வெயிலில் மரமும் சாராயமும் வேகமாகக் கலந்துபேசி முடித்துவிடுவதால் அங்கே பன்னிரண்டு வருஷத்தில் வருவது இங்கே நாலைந்து வருஷத்திலேயே வந்துவிடுகிறது. "அப்ப வயசை வச்சு விலை போடுற கணக்கே தப்பு சார்! ஹீட் இன்புட்டை வச்சுல்ல பார்க்கணும்!" என்று துள்ளிக் குதித்து, பழைய பக்கங்களையெல்லாம் அடித்துவிட்டு மறுமதிப்பீடு செய்தார். துவாக்குடி ஷெட்டில், சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே ஒரு பீப்பாய் வைத்தால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டார். பீப்பாய் மட்டும் மிஞ்சும் என்று வந்தது.

மதிப்பீட்டுக் கமிட்டி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆபீஸ் அறையில் கூடும். ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். ஏகாதசி, புரட்டாசி நீங்கலாக. மார்கழியில் பகல் பத்து, ராப்பத்து முடியும்வரை கமிட்டிக்கே விடுமுறை. அப்புறம் ஒரு ரசாயனப் பேராசிரியர், எஸ்டர் என்ற சொல் இல்லாமல் வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர். நாலாவது ஆள் மால்ட் சாரின் மச்சான். அவருக்குக் கருத்து எதுவும் கிடையாது. கிளாஸ் காலியாக இருக்கும்.

தொட்டுக்க மணப்பாறை முறுக்கு மட்டும்தான். அந்த ஊர்த் தண்ணீரின் லேசான உப்புதான் முறுக்குக்கு ருசி என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஊர்ப்பெயரைச் சட்டம் காக்கிற பண்டத்துக்கு அதே தகுதியுள்ள பண்டம்தான் ஜோடி என்று மால்ட் சார் விதி வகுத்திருக்கிறார். பகோடா ஒருமுறை வந்தது; திருப்பி அனுப்பப்பட்டது. மச்சான் வாசல்வரை போய் அதைத் தின்றுவிட்டு வந்தார்.

போன கூட்டத்தில் நாலு கிளாஸ், அடியில் நம்பர், லேபிள் மறைத்து ஸீல்டு கவர் முறை. பேராசிரியர் முதல் கிளாஸை முகர்ந்து ஓக் என்றார். இரண்டாவதிலும் ஓக். அதிகாரி, ஒன்றும் மூன்றும் ஒரே சரக்கு என்று சத்தியம் செய்தார். மால்ட் சார் நாலாவதைக் கண்மூடிச் சுவைத்து, பதினெட்டு வருஷத்துக்குக் குறையாது என்று தீர்ப்பளித்தபோது பார்த்து, ஜெனரேட்டர் சாவி வாங்க ஃபோர்மேன் உள்ளே வந்தார். வருஷா வருஷம் சபரிமலை போகிறவர், பீடிகூடத் தொட்டதில்லை. ஆனால் ஷெட்டில் எந்த மூலையில் அசிட்டிலின் கசிந்தாலும் முதலில் தெரிவது அவர் மூக்குக்குத்தான்.

"குடிக்க வேணாம்ப்பா, சும்மா மோந்து மட்டும் பாரு" என்றார் மால்ட் சார்.

ஃபோர்மேன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். "இது பேரிக்கா சார்." க்ளென்ஃபிட்டிக். "இதுல அன்னாசி." க்ளென்லிவெட். மூன்றாவதில் கொஞ்சம் யோசித்து, "பாயசத்துக்கு நெய்யில திராட்சை வறுக்கிற வாசம்" என்றார். ஷெர்ரி பீப்பாய் மக்காலன். நாலாவதுக்கு வந்ததும் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது கவர்மென்ட் ஆஸ்பத்திரி. டிஞ்சர். பின்னாடி யாரோ கோணிச் சாக்கைக் கொளுத்துறாங்க. இதையா சார் குடிக்கிறீங்க?"

கவரைப் பிரித்தார்கள். லஃப்ரோயக், பத்து வருஷம். பார்லியைப் பீட் என்கிற சேற்றுக் கரியின் புகையில் வாட்டி எடுக்கும் ஐலா தீவுச் சரக்கு. அயோடின், புகை, கடற்பாசி என்று உலகமெல்லாம் வர்ணிக்கிற அதே மணம்தான். பேராசிரியர் ஃபீனால் என்று ஆரம்பித்தார், யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷத் தீர்ப்பை மால்ட் சார் ரப்பரால் அழித்தார். அதிகாரிக்குத்தான் முதலில் பொறி தட்டியது: நாலு பேருமே வெண்டர் பக்கம் சாய்ந்தவர்கள், முறைப்படி பார்த்தால் மூன்றாம் தரப்பு ஆய்வு இல்லாமல் எந்த ஜாபையும் பாஸ் பண்ணக் கூடாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டெக்னிக்கல் பிட்டுக்கு இனி ஃபோர்மேன் மூக்குதான் இறுதி. பிரைஸ் பிட் மட்டும் கமிட்டி வசம்.

"மாசத்துல ஒரு ஞாயிறு வந்து மோந்துட்டுப் போனா போதும்ப்பா" என்று மால்ட் சார் கனிவாகச் சொன்னார்.

ஃபோர்மேன் சாவியை எடுத்துக்கொண்டார். "வர்றேன் சார். ஞாயித்துக்கிழமைன்னா டபுள் ஓ.டி. அந்த நாலாவதுக்குத் தனியா பேட்டா."