வராத கண்ணனும் எதிரே நின்ற பையனும்

எனக்கு 14 வயதில், ஜெர்மனியின் ஹாகன் நகரில் வாடகைக்கு எடுத்த மண்டபமொன்றில், வராத கண்ணனுக்காக ஏங்கிப் பரதத்தில் ஒரு பதம் ஆடினேன். தோழியைத் தூது அனுப்பினேன். பூசிய சந்தனம் சுடுகிறதென்று உதறினேன். முன்வரிசையில் மாமிமார் கண் கலங்கினார்கள். நான் காட்டியது என்னவென்று எனக்கே தெரியாது. ஆசிரியையின் முகத்தில் கண்டதை என் முகத்தில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அதே மாதம் வகுப்புச் சுற்றுலா. பெடியன்களும் வருகிறார்கள் என்று அப்பா படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது மகளுக்கு 15. சனிக்கிழமைகளில் தொங்கு ரயிலேறி, வூப்பெற்றாலில் ஒரு தற்கால நடனப் பட்டறைக்குப் போகிறாள். படிவத்தில் நான்தான் கையெழுத்திட்டேன். பழக்குகிறவர்கள் மேடையையே தொழிலாகக் கொண்ட இருவர். பெற்றோரை அழைத்த நாளில் சுவரோரம் இருந்து பார்த்தேன். பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் உள்ளங்கை மற்றவர் தோளில். மகளுக்கு எதிரே ஒரு பையன். சிரித்தார்கள், விலகினார்கள், திரும்ப வந்து நின்றார்கள். தொடுவதற்கு முன்பே அவர்களுக்குப் பழக்கியது, வேண்டாத கையை எடுத்து விலக்குவதை. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வூப்பெற்றாலுக்கு இப்படியான தொடுகை புதிதல்ல. நடன அமைப்பாளர் பீனா பவுஷ் 1978இல் இங்கேதான் 'கொன்டாக்ட்ஹோஃப்' என்ற படைப்பை மேடையேற்றினார். பழைய நடனக்கூடம் ஒன்றில் ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் தேடுவதும் சீண்டுவதும்தான் அது. ஆடுவோர் முன்னே வந்து, பல்லையும் கையையும் காட்டி நிற்பார்கள், சந்தையில் நிறுத்தியது போல. 2000இல் அதையே 65 வயது தாண்டியவர்களை ஆடவைத்தார். 2008இல் 14 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை. அவர் குழுவில் ஆடிய ஜோசபின் ஆன் எண்டிகாட்டும் பெனடிக்ட் பிலியேயும் ஏறத்தாழ 40 பிள்ளைகளைப் பல மாதங்கள் பழக்கினார்கள். பலருக்குப் பவுஷின் பெயர்கூடத் தெரியாது. 2010இல் வெளிவந்த 'டான்ஸ்ட்ரொய்மே' ஆவணப்படத்தில் அந்த ஒத்திகைகளைப் பார்த்தேன். பவுஷ் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

அந்தப் படைப்பில் ஒரு கட்டம் என்னை விடவேயில்லை. ஒரு பெண்ணைச் சுற்றி ஆண்கள் நிற்பார்கள். ஒரு கை அவளை வருடும், இன்னொரு கை, பிறகு இன்னொன்று. எந்த இடத்தில் அன்பு தொல்லையாக மாறியது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆடுகிற பெண்ணின் உடம்புக்குத் தெரியும். நான் பயின்ற பரதமோ, இல்லாதவரைக் கண்முன் நிறுத்த எனக்குக் கற்றுத்தந்தது. அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஆடிய அத்தனை ஆண்டுகளிலும் என்னைத் தொட்டது, முழங்கையை நிமிர்த்திய ஆசிரியையின் தட்டுக்கழி மட்டும்தான்.

பட்டறையைப் பார்த்த அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, கண்ணை மூடுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"கை ஈரம், பிள்ளை."

"பரவாயில்லை."

முதுகில் அவள் உள்ளங்கை பட்டது. மேசை, கதவு, நடைவழி எல்லாம் மறந்துபோயின. ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கைக்காகக் காத்திருந்தேன்.