எழும்போதே அசதி

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் எழும்போதே அசதியாக இருக்கிறது. 'வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்கிறார் மாமியார். எனக்கு 38தான். சத்து டானிக் குடித்தால் சரியாகுமா?

பதில்: 38 ஓய்ந்துபோகிற வயதே இல்லை, சகோதரி! டானிக் இருக்கட்டும், முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் உடம்பெங்கும் ஆக்சிஜன் சுமக்க ஆள் போதாது. சரக்கு இருக்கும், லாரி இருக்காது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். பர்ஸில் பணம் இருக்கும்போதே அஞ்சறைப் பெட்டிச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா? கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல பெண்கள் வருடக்கணக்கில் சொல்லாமலே வைத்திருக்கும் காரணம் அது.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். கீரையின் இரும்புச்சத்தை அது பாதி வழியிலேயே மறித்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு நெல்லிக்காய் சேருங்கள்.

தைராய்டு, சர்க்கரை, பி12 இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் விசாரியுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் எட்டு மணி நேரம் கடிகாரத்தில்தான் இருக்கும், உடம்பில் சேராது.

மூச்சு வாங்கினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவருடைய அசதியையும் வயதின் கணக்கிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.