சென்ட்ரல் சிட்டியில் அறத்தொடு நிற்றல்: மின்னல் வீரன் வீட்டு ரகசியங்கள் குறித்து ஓர் ஆய்வு

அறத்தொடு நிற்றல் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு மறந்துபோனவர்களுக்காக, அதாவது என்னைப் போன்றவர்களுக்காக, ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தலைவியின் களவுக் காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்தும் முறைக்கு அந்தப் பெயர். தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் சொல்வார்கள். அரிவாளைத் தேடக்கூடியவர்களுக்குக் கடைசியில்தான் சேதி போகும். எவ்வளவு யோசித்து வைத்த வரிசை!

இந்த வரிசை அமெரிக்காவில் தலைகீழாகப் புழங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல், 2014 அக்டோபரில் தொடங்கி 2023 மே மாதம் முடிந்த 'தி ஃப்ளாஷ்' என்ற தொலைக்காட்சித் தொடர். 9 சீசன், 184 எபிசோட். களப்பணி எங்கள் வீட்டுச் சோபாவில் நடைபெற்றது. பிற்காலச் சீசன்களில் சில இடங்களில் ஆய்வாளர் தூங்கிவிட்டார் என்பதையும் ஆய்வு நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். பேரி ஆலன் சென்ட்ரல் சிட்டி காவல்துறையில் தடயவியல் ஆள். 11 வயதில் அவன் கண்ணெதிரே அம்மா நோரா கொல்லப்படுகிறாள். செய்யாத கொலைக்கு அப்பா ஹென்றி சிறைக்குப் போகிறார். பையனைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்ப்பவர் ஜோ வெஸ்ட் என்ற துப்பறியும் அதிகாரி. அவருடைய மகள் ஐரிஸ். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. பேரிக்கு ஐரிஸ்மேல் காதல், அதுவும் சொல்லப்படாதது. பிறகு ஸ்டார் லேப்ஸ் என்ற ஆய்வுக்கூடத்தின் துகள் முடுக்கி வெடிக்கிறது, பேரியை மின்னல் தாக்குகிறது, 9 மாதம் கோமா. எழுந்து பார்த்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊரைச் சுற்றி வருகிறான். சிவப்பு உடை, முகமூடி, ஃப்ளாஷ் என்ற பெயர்.

ஆக, ரகசியம் ஒன்றுதான்: பேரிதான் ஃப்ளாஷ். இதை யார் முதலில் அறிய வேண்டும்? அந்த ஊரிலேயே 'யார் இந்த மின்னல் மனிதன்?' என்று ராப்பகலாகத் தேடி எழுதிக்கொண்டிருப்பவள் ஐரிஸ்தான். அவளைச் சந்திக்க அவன் காபிக்கடை மொட்டை மாடிக்கு வருகிறான். முகத்தை அதிரவைத்து மங்கலாக்கிக்கொள்கிறான், தொண்டையை அதிரவைத்துக் குரலை மாற்றுகிறான். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு பெற்ற தாயையே ஏமாற்றிய நம் கதாநாயகர்களோடு ஒப்பிட்டால், தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, அறிந்தோர் வரிசை. முதல் எபிசோடிலேயே ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிஸ்கோவுக்கும் கெய்ட்லினுக்கும் தெரியும். அவர்களைத் தோழியர் என்று கொண்டால் மரபு பிசகவில்லை. அவர்களுடைய தலைவர் ஹாரிசன் வெல்ஸுக்கும் தெரியும். அவரிடம் பிறகு வருகிறேன். அதே எபிசோடில் பேரி 600 மைல் ஓடி, இன்னொரு ஊரில் வில்லும் அம்புமாகத் திரியும் ஆலிவர் குவீனிடம் போய்ச் சொல்கிறான். ஐரிஸ் இருப்பது உள்ளூரில்தான், ஓடவே தேவையில்லை.

எபிசோட் முடிவதற்குள் ஜோ நேரிலேயே பார்த்துவிடுகிறார். பார்த்துவிட்டு ஒரே ஒரு சத்தியம் வாங்கிக்கொள்கிறார்: ஐரிஸுக்குத் தெரியக் கூடாது. இங்கேதான் வரிசை கவிழ்கிறது. நம் மரபில் கடைசியாகக் கேள்விப்பட வேண்டிய தந்தை முதல் நாளே தெரிந்துகொள்கிறார், தலைவியைக் கொண்டுபோய் வரிசையின் வாலில் நிறுத்துகிறார்.

6ஆவது எபிசோடில் டோனி வுட்வர்ட் என்பவன் வருகிறான். பள்ளி நாள்களில் பேரியை அடித்துத் துன்புறுத்தியவன், இப்போது நினைத்தால் உடம்பு இரும்பாகும். அவன் ஐரிஸைக் கடத்திக்கொண்டு போகிறான். பேரி அவனை அடித்து வீழ்த்திச் சிறையில் தள்ளுகிறான். அதோடு விட்டிருக்கலாம். சிறைக்கண்ணாடி முன்னால் போய் நின்று முகமூடியைக் கழற்றி, 'நான்தான்டா' என்கிற தோரணையில் காட்டுகிறான். பழைய பகை தீரும் இனிமையை நானும் அறிவேன், பத்தாம் வகுப்பில் என் சைக்கிள் காற்றைப் பிடுங்கியவனிடம் காட்ட எனக்கும் ஒன்றிரண்டு இருக்கின்றன. ஆனால் கடத்தியவனுக்குத் தெரிந்துவிட்டது, கடத்தப்பட்டவளுக்குத் தெரியாது என்ற நிலையை எந்த இலக்கணம் கொண்டு அமைதி காண்பது?

16ஆவது எபிசோடில் லெனர்ட் ஸ்னார்ட் என்ற திருடனுக்குத் தெரிகிறது. சிஸ்கோவின் அண்ணனைப் பிடித்துவைத்து, உறைய வைக்கும் துப்பாக்கியைக் காட்டிப் பெயரைக் கறக்கிறான். பேரி அவனைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பேரம் பேசுகிறான். பெயரைச் சொல்வதில்லை என்று திருடன் வாக்குக் கொடுக்கிறான், அந்த ஒரு விஷயத்தில் தவறவும் இல்லை. அடுத்த எபிசோடில் பெற்ற அப்பாவுக்கு. சிறையில் இருந்தபடியே அவர் ஏற்கெனவே ஊகித்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதே எபிசோடில் எடி தானுக்கும் சொல்கிறார்கள். எடி யார்? ஐரிஸின் காதலன். ஐரிஸ் அதிகம் துருவாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டதால் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என் அம்மாவின் குறுக்கீட்டைத் தரவாகச் சேர்க்கிறேன். பூண்டு உரித்துக்கொண்டே கூடத்தைக் கடக்கும் அவர், வாரம் தவறாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு இன்னுமாடா தெரியாது?" ஆய்வாளரிடம் பதில் இல்லை.

உண்மையில் 15ஆவது எபிசோடில் ஒருமுறை தெரிந்தது. ஊரை விழுங்க ஆழிப்பேரலை வருகிறது. கரையில் ஐரிஸ். வேறு வழியில்லாமல் அவள் கண் முன்னே பேரி உடை மாற்றிக்கொண்டு ஓடுகிறான். அலையைத் தடுக்க ஓடிய வேகத்தில் முந்தின நாளுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறான். அந்த நாள் மறுபடி விடிகிறது, இந்தமுறை அலை இல்லை, ஆகவே சொன்னதும் இல்லை. சொல்லி முடித்த ரகசியம் சொல்லப்படாததாக ஆக முடியுமா? சொன்னவனுக்கு நினைவிருக்கிறது, கேட்டவளுக்குக் கேட்டதே இல்லை. பாரத்தை ஒருமுறை இறக்கி வைத்த சுகத்தையும் அனுபவித்துவிட்டு, மறுநாள் ஒன்றும் தெரியாதவன்போல அதே காபிக்கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும். இந்த ஒரு நாள் மட்டும் பிடிக்கவில்லை.

கடைசியில் 20ஆவது எபிசோட். இங்கேயும் யாரும் சொல்வதில்லை. எடி ஐரிஸிடம் திருமணப் பேச்சை எடுக்கும் நேரத்தில் ரிவர்ஸ் ஃப்ளாஷ் என்ற மஞ்சள் உடைக்காரன் அவனை அள்ளிக்கொண்டு போகிறான். ஃப்ளாஷ் வந்து ஐரிஸ் பக்கத்தில் நிற்கிறான். கை பட்டதும் சுருக்கென்று ஒரு ஷாக். கோமாவில் கிடந்த பேரியின் கையைப் பிடித்திருந்தபோது இதே ஷாக் அடித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் அடிக்குமே, அவ்வளவுதான். அத்தனை அதிர்வுத் தொழில்நுட்பமும் அந்தச் சின்னப் பொறியில் தீர்ந்தது.

தொல்காப்பியம் அறத்தொடு நிற்பதற்கு ஏழு வழி சொல்கிறது. தலைவனின் நிலையை எளிதாக்கிச் சொல்வது, புகழ்ந்து வைப்பது என்று தொடங்கும் அந்த வரிசையில் உண்மையை நேராகச் சொல்லிவிடுவது ஏழாவதாகத்தான் வருகிறது. வேறு வழி இருக்கும்வரை உண்மையைத் தொட வேண்டாம் என்ற பெருந்தன்மை என்று நான் பொருள் கொள்கிறேன். உரையாசிரியர்கள் மன்னிக்கட்டும். சென்ட்ரல் சிட்டி இந்த ஏழாவது வழியைக் கையாளும் இலட்சணத்தை மேலே பார்த்தோம்.

ஏன் மறைத்தார்கள்? அடுத்த எபிசோடில் ஐரிஸ் அதைத்தான் கேட்டுப் பொரிந்து தள்ளுகிறாள். கிடைக்கும் பதில், 'உன் பாதுகாப்புக்காக.' இப்போது ஹாரிசன் வெல்ஸிடம் வரலாம். சக்கர நாற்காலியில் வரும் இந்த விஞ்ஞானிதான் மஞ்சள் உடைக்காரன், பேரியின் அம்மாவைக் கொன்றவன், எதிர்காலத்திலிருந்து வந்த இயோபார்ட் தான் என்பவன். முதல் எபிசோடின் கடைசி நிமிடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நடந்து ஒரு ரகசிய அறைக்குள் போகிறான். நாம் பார்த்துவிடுகிறோம். யாரிடமிருந்து பாதுகாப்பு என்கிறார்களோ அவனுக்கு முதல் நாளே, ஏன், அதற்குப் பல வருடம் முன்பே எல்லாம் தெரியும். அவன் எதிரில் நின்றுதான் இவர்கள் 'ஐரிஸுக்கு மட்டும் தெரியக் கூடாது' என்று குசுகுசுக்கிறார்கள். ஒன்பது சீசனில் அந்த ஆய்வுக்கூடத்துக் கதவை யாரும் ஒழுங்காகப் பூட்டி நான் பார்த்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். பூட்டெல்லாம் ஐரிஸுக்கு மட்டும்தான் போட்டார்கள்.

ஜோவிடம் வேறு சரக்கும் இருந்தது. இறந்துபோனதாக அவர் சொல்லியிருந்த மனைவி ஃபிரான்சின் உயிரோடிருக்கிறாள் என்பதை இரண்டாம் சீசனில்தான் மகளிடம் ஒப்புக்கொள்கிறார். கேட்ட மகள் விசாரித்துப் பார்த்தால், தனக்கு ஒரு தம்பி இருப்பது தெரியவருகிறது. அதை இப்போது இவள் அப்பாவிடம் மறைக்கிறாள், பிறகு சொல்கிறாள். கிறிஸ்துமஸ் விருந்தின் நடுவே அந்தத் தம்பி வாலி வாசலில் வந்து நிற்கிறான். எல்லார் கையிலும் கோப்பை, வாயில் பேச்சில்லை.

மூன்றாம் சீசனில் மறைக்கப்பட்டதற்கு முன்னுதாரணம் எந்த இலக்கியத்திலும் கிடைக்கவில்லை. பேரி காலத்தைக் கலைத்துவிட்டுத் திரும்பிவந்ததில் நண்பர் ஜான் டிகிளின் மகள் மகனாகிவிட்டாள். தகப்பனுக்கு மகன் இருப்பது மட்டும்தான் தெரியும். உனக்கு ஒரு பெண் இருந்தாள், என்னால் போனாள் என்று எந்த வாயால் சொல்வது? இதற்கு மட்டும் நான் பேரி பக்கம். சொல்லாமலே விட்டிருக்கலாம். வேற்றுக்கிரகத்தார் படையெடுத்து வந்த நேரம் பார்த்து அதுவும் வெளியே வந்துவிடுகிறது.

நற்றாயை மறந்துவிடவில்லை. முதல் சீசனின் கடைசி எபிசோடில் பேரி 2000ஆம் ஆண்டுக்கு ஓடுகிறான், அம்மாவைக் காப்பாற்ற. அறைக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இடுக்கு வழியாகப் பார்த்தால் சண்டைக்கு நடுவே இன்னொரு பேரி, எதிர்காலத்து அவனே, வேண்டாம் என்று கையசைக்கிறான். இவன் கதவை மூடிக்கொண்டு அழுகிறான். எல்லாம் அடங்கியபின் உள்ளே போகிறான். தரையில் கத்திக்குத்தோடு அம்மா. சிவப்பு உடையும் முகமூடியுமாக ஓர் ஆள் பக்கத்தில் மண்டியிட்டால் பயப்படத்தானே செய்வாள்? முகமூடியைக் கழற்றுகிறான். நான் உன் பிள்ளை, நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்கிறான். அவன் புறப்பட்டு வந்த காலத்தில் அப்பா சிறையில் இருக்கிறார். அது பொய். முகம் உண்மை. பாதுகாப்பு என்று பேச இடமில்லாத ஒரே ஆளிடம், கேட்காமலே, தானாக முகத்தைக் காட்டினான். பூண்டுத் தட்டோடு அம்மா நின்றுவிட்டார். அந்த வாரம் கேள்வி எதுவும் வரவில்லை.

இனி பரம்பரைக்கு வருவோம். பேரி, ஐரிஸ் கல்யாணத்தில் பானம் பரிமாற ஒரு பெண் வருகிறாள். யாரோ வேலைக்கு வந்தவள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான்காம் சீசன் முடிவில் ஜோவின் வீட்டுக்கே வந்து, எதிர்காலத்திலிருந்து வந்த உங்கள் மகள் நோரா என்கிறாள். அப்பாவிடம் ஒட்டிக்கொள்கிறாள், அம்மா என்றால் ஆகாது. காரணம் ஐந்தாம் சீசனில் வெளிவருகிறது. நோராவுக்கும் அப்பாவின் வேகம் பிறவியிலேயே உண்டு. அது வெளிப்படாதபடி உடம்புக்குள் ஒரு சில்லைப் பதித்து, பெண் வளர்ந்து பெரியவளாகும்வரை அவளிடம் மூச்சு விடாமல் இருந்தவள் எதிர்காலத்து ஐரிஸ். மகளின் பாதுகாப்புக்காக.

எல்லாருக்கும் கடைசியில் தெரிந்துகொண்டவள் என்று ஐரிஸுக்காகப் பரிதாபப்பட்டு இவ்வளவு எழுதிய ஆய்வாளருக்கு இது பெரிய அடி. ஆறுதல் தேடி மூலநூலான காமிக்ஸுக்குப் போனேன். 1956இல் அறிமுகமான பேரி ஆலன், 1966இல் ஐரிஸை மணக்கிறான். தான்தான் ஃப்ளாஷ் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னும் சொல்லவில்லை, பின்னும் சொல்லவில்லை. முதலாம் ஆண்டு மணநாளன்று ஒருவழியாகத் துணிந்து சொல்ல வருகிறான். அவளுக்கு முதலிரவிலிருந்தே தெரியுமாம். அவன் தூக்கத்தில் பேசுகிறவன்.